கழற்றிய கன்வெர்ட்டரை என்ன விலைக்குக் கொடுப்பது?

கேள்வி: என்னிடம் 2005-ம் வருட சான்ட்ரோ இருக்கிறது. நான் இரண்டாவது உரிமையாளர். போன மாதம் வண்டி இழுக்கவே இல்லை, பாலம் ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. மெக்கானிக் பார்த்துவிட்டு, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அதாவது புகைக் குழாயில் புகையின் நச்சைக் குறைக்கும் டப்பா, அடைத்துக்கொண்டது என்று அதைக் கழற்றி, அந்த இடத்தில் வெறும் பைப்பை வெல்டிங் வைத்துக் கொடுத்தார். கழற்றிய டப்பா என் வீட்டில்தான் இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் 400 ரூபாய்க்குக் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர், உள்ளே பிளாட்டினம் இருக்கிறது, லட்சத்துக்குப் போகும் என்கிறார். என் அக்கா மகன், ஆசிட் ஊற்றி நாமே பிரித்து எடுத்துவிடலாம் என்று வீடியோ காட்டுகிறான். யார் சொல்வதைக் கேட்பது?

— ஓய்வுபெற்ற ஆசிரியர், உறையூர், திருச்சி

பதில்:

ஐயா, வணக்கம். விலை பற்றிப் பிறகு பேசலாம். முதலில் உங்கள் அக்கா மகனைக் கூப்பிட்டு அந்த ஆசிட் வேலை வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே ஆசிட் வாங்கி வைத்திருந்தால், அதைத் திறக்க விடாதீர்கள்.

அந்த வீடியோக்களை நானும் பார்த்திருக்கிறேன். ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு, நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு கலந்து, அதில் கன்வெர்ட்டரின் உள்பொருளைப் போட்டுச் சூடாக்குவார்கள். ராஜ திராவகம் என்று நீங்கள் வேதியியல் பாடத்தில் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதேதான். கலந்ததுமே குளோரின் வாயுவும், சூடு ஏற ஏற பழுப்பு நிறத்தில் நைட்ரஜன் டை ஆக்சைடும் கிளம்பும். இரண்டாவது வாயுவிடம் ஒரு மோசமான குணம் உண்டு. சுவாசித்த நேரத்தில் லேசான இருமலோடு போய்விடும். ஆள் நன்றாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருப்போம். பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில், நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். மொட்டை மாடியில் காற்றோட்டமாகச் செய்கிறோம் என்பதெல்லாம் இதற்குப் பாதுகாப்பு இல்லை. பிளாட்டினம் கரைந்து உண்டாகும் உப்பும் சும்மா இருக்காது. அந்தத் தூசியும் ஆவியும் பட்டுப் பட்டு, ஒரு கட்டத்தில் ஆஸ்துமா மாதிரி இழுப்பு வந்துவிடும். பெரிய சுத்திகரிப்பு ஆலைகளிலேயே இதற்காகத் தொழிலாளிகளுக்குத் தவறாமல் மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. அங்கே இந்த உள்பொருளைப் பொடியாக்கி, செம்பையோ இரும்பையோ சேர்த்து 1,500 டிகிரிக்கு மேல் உருக்கி, விலையுள்ள உலோகத்தை அதில் ஏற்றி, அப்புறம்தான் ரசாயனமுறையில் பிரிப்பார்கள். வீட்டு வாளியில் ஆகிற வேலை இல்லை இது. ஒரு டப்பாவில் இருப்பது ஒரு கிராமோ, அதற்கும் குறைவோ. அதற்காக ஒரு பையனின் நுரையீரலைப் பணயம் வைக்க முடியாது.

சரி, டப்பாவுக்கு வருவோம்.

ரம்பம் வைத்து அறுத்த கன்வெர்ட்டர் ஒன்று என் மேசைமேல் எப்போதும் இருக்கும். பட்டறைக்கு வேலை பழக வரும் பையன்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருக்கிறேன். வெளியே துருப்பிடிக்காத எஃகுக் கூடு. அதற்கு உள்ளே வெள்ளையாக, கனமான பஞ்சு மாதிரி ஒரு சுற்று. அது பீங்கான் நார். அதற்கும் உள்ளே சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில் ஒரு பீங்கான் கட்டி. பக்கவாட்டில் பார்த்தால் வெறும் செங்கல் துண்டு மாதிரிதான் தெரியும். முகத்துக்கு நேரே தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால், மறுபக்கம் முழுக்கத் தெரியும்! ஒரு சதுர அங்குலத்தில் சாதாரணமாக 400 துளைகள். ஒரு துளையில் ஒரு கேழ்வரகு மணி போய் அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான் அகலம். தேன்கூடு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். வடநாட்டு வியாபாரிகள் இதை உடைத்த பொடிக்கு ‘மிட்டி’, அதாவது மண், என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பார்ப்பதற்கு மண்தான். ஆனால் அந்தத் துளைகளின் சுவரெல்லாம் அலுமினா பூச்சு, அந்தப் பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மூன்றும் தூவிக் கிடக்கின்றன. பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் பல்லேடியம்தான் அதிகம், ரோடியம் கொஞ்சம், பிளாட்டினம் சில வண்டிகளில் மட்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பாதி உண்மை என்பது இதனால்தான். உலோகம் இருக்கிறது. லட்சம் இல்லை.

இரும்புக் கடைக்காரர் 400 ரூபாய் சொன்னபோது ஒரு காந்தத்தை எடுத்து டப்பாவில் ஒட்டிக் காட்டினாரா? நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். இது நான் பலமுறை பார்த்த காட்சி. “பாருங்க சார், காந்தம் ஒட்டுது, இது ஸ்டீலே இல்ல, வெறும் இரும்பு” என்பார்கள். வீட்டுச் சமையல் பாத்திரத்தில் காந்தம் ஒட்டாது என்று நமக்குத் தெரியும் என்பதால் நாமும் நம்பிவிடுவோம். ஆனால் புகைக் குழாய்க்குப் போடும் துருப்பிடிக்காத எஃகு வேறு ரகம். அதில் நிக்கல் கிடையாது, காந்தம் நன்றாகவே ஒட்டும். அதுவும் போக, இந்த விலை கூட்டுக்கே இல்லை, உள்ளே இருக்கும் கட்டிக்குத்தான். காந்தம் ஒட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்து இன்னொன்றும் சொல்வார்கள்: “இருபது வருஷ வண்டி, உள்ள இருந்த பிளாட்டினம் எல்லாம் எரிஞ்சு போயிருக்கும்.” இதை நீங்களே ஒரு ஆசிரியராக நின்று மறுக்கலாம். வினையூக்கி வினையில் தீர்ந்துபோவதில்லை. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோலும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அதன்மேல் பட்டு மாறிப் போகும், உலோகம் அங்கேயே இருக்கும். வருடங்கள் போகப்போக அதிகச் சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். என்ஜின் ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸும் துத்தநாகமும் மேலே படிந்து மூடிவிடும். அதனால் வேலை செய்யாமல் போகிறதே தவிர, உலோகம் எங்கேயும் போய்விடவில்லை. செத்த கன்வெர்ட்டருக்கும் உயிருள்ள கன்வெர்ட்டருக்கும் பழைய சாமான் விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. குறைவது ஒரு விஷயத்தில்தான்: உள்ளே உடைந்து, தூள்தூளாகி, துண்டுகள் சைலன்சர் வழியாக ரோட்டில் கொட்டிப் போயிருந்தால். டப்பாவைக் காதருகே வைத்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். கலகலவென்று சத்தம் கேட்டால் கட்டி உடைந்திருக்கிறது. இரண்டு வாயையும் துணி வைத்து அடைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். கொட்டிப் போகிற ஒவ்வொரு பிடியும் காசு.

தயவுசெய்து வீட்டில் அறுக்கவோ சுத்தியலால் உடைக்கவோ வேண்டாம். அந்தப் பீங்கான் தூசியும், சுற்றியிருக்கும் நாரும் நுரையீரலுக்கு ஆகாது. தோலில் பட்டாலே நாள் முழுக்க அரிக்கும். வியாபாரத்துக்கும் அது நஷ்டம்தான். வெளியே எடுத்த பொடியில் பலபேர் ஓட்டுத் தூளையும் டைல்ஸ் தூளையும் கலந்து விற்றிருக்கிறார்கள். அதனால் பொடியைப் பார்த்தாலே வாங்குகிறவர் விலையைக் குறைத்துவிடுவார். டப்பா முழுசாக, அதன் எண்ணோடு இருந்தால்தான் அது என்ன வண்டியின் டப்பா என்று அவருக்குத் தெரியும்.

அந்த எண்தான் முக்கியம். ஒரு ஈரத் துணியும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷும் எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவின் உடம்பிலோ, மேலே மூடியிருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டிலோ, வாய்ப்பக்க விளிம்பிலோ எழுத்தும் எண்ணும் கலந்து அச்சு குத்தியிருக்கும். துருவுக்கு அடியில் மறைந்திருக்கலாம். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் நிழலில் எழுத்து தெரியும். காரின் கம்பெனி முத்திரையும் எண்ணும் இருந்தால் அது வண்டியோடு வந்த அசல் டப்பா. எந்த முத்திரையும் இல்லாமல், வெல்டிங் கோடு கரடுமுரடாக இருந்தால், உங்களுக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் ஏற்கெனவே ஒருமுறை மாற்றி, வெளிச்சந்தை டப்பாவைப் போட்டிருக்கலாம். நீங்கள் இரண்டாவது உரிமையாளர் என்பதால் இதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். வெளிச்சந்தை டப்பாக்களில் உலோகப் பூச்சு மிகக் குறைவு. அதற்கு 400 ரூபாய் என்றால் அது நியாயமான விலையாகவே இருக்கலாம்.

இன்னொரு சோதனை, வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பீங்கான் கட்டியாக இல்லாமல், அப்பளம் சுருட்டியது மாதிரி மெல்லிய உலோகத் தகடு சுருள் சுருளாகத் தெரிந்தால் அது வேறு ரகம். அதிலும் உலோகம் உண்டு, ஆனால் பிரிப்பது சிரமம், எல்லா வியாபாரியும் வாங்க மாட்டார்கள்.

இப்போது விலை. நான் ஒரு தொகை சொல்லிவிட்டால் அது அடுத்த மாதமே பொய்யாகிவிடும். ஆகவே கணக்கு போடும் விதத்தைச் சொல்கிறேன். சின்ன கார் ஒன்றின் தேன்கூடு அரைக் கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் பத்து லட்சத்துக்கு 1,200 பங்கு பல்லேடியமும், 200 பங்கு ரோடியமும் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட அளவு, உங்கள் டப்பாவில் இதைவிடக் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். அப்படியானால் பல்லேடியம் 0.6 கிராம், ரோடியம் 0.1 கிராம். உலகச் சந்தையில் இவற்றுக்கு அவுன்ஸ் கணக்கில்தான் விலை, ஒரு அவுன்ஸ் 31.1 கிராம். 2021 ஏப்ரல் வாக்கில் பல்லேடியம் அவுன்ஸ் ஏறத்தாழ 3,000 டாலருக்கும், ரோடியம் 25,000 டாலருக்கு மேலேயும் விற்றது. அன்றைக்கு இந்த டப்பாவில் இருந்த உலோகத்தின் மதிப்பு 138 டாலர், நம் பணத்தில் பத்தாயிரம் ரூபாயைத் தொடும். 2024 தொடக்கத்தில் பல்லேடியம் 1,000 டாலர் பக்கம் இறங்கிவிட்டது, ரோடியம் 4,500 பக்கம். அதே டப்பா, அதே உலோகம், 34 டாலர். மூவாயிரம் ரூபாய்கூட இல்லை. மூன்றே வருடத்தில் நாலில் ஒரு பங்கு. பக்கத்து வீட்டுக்காரர் லட்சக் கதையை அந்த உச்சத்தில் எங்கோ படித்திருப்பார், அதுவும் வெளிநாட்டுப் பெரிய வண்டியின் டப்பா பற்றியதாக இருக்கும்.

நீங்களும் இன்றைய பல்லேடியம், ரோடியம் விலையை செல்போனில் பார்த்து இதேபோல் ஒரு கணக்குப் போட்டுவிட்டு வியாபாரம் பேசுங்கள். ஆனால் வருகிற தொகை முழுக்க உங்கள் கைக்கு வராது. டப்பாவை அறுக்கும் கூலி, பொடியைச் சோதிக்கும் செலவு, சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்பும் செலவு, ஆலை பிடித்துக்கொள்ளும் பங்கு, பணம் வந்து சேர ஆகும் மாதங்கள், அதற்குள் விலை இறங்கினால் வரும் நஷ்டம், எல்லாம் வாங்குகிறவர் தலையில். உலோக மதிப்பில் பாதி உங்களுக்குக் கிடைத்தால் அதை நல்ல வியாபாரம் என்றே நான் சொல்வேன்.

யாரிடம் விற்பது? பக்கத்துத் தெரு பழைய இரும்புக் கடைக்கு இந்தப் பொருளில் விஷயம் தெரியாமல் இருக்கலாம், தெரிந்தும் சொல்லாமலும் இருக்கலாம். எடைக்குப் போட்டால் எங்கே போனாலும் இரும்பு விலைதான். கன்வெர்ட்டரை மட்டுமே வாங்கும் ஆட்கள் சென்னை, கோவை மாதிரி ஊர்களில் இருக்கிறார்கள். சென்னைப் புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகச் சந்தைகளில் விசாரித்தால் யாராவது கைகாட்டுவார்கள். உங்களுக்கு எளிதான வழி, திருச்சியிலேயே கொஞ்சம் பெரிய பட்டறை எதையாவது கேட்பது. கழற்றிய டப்பாக்களை ஐம்பது, நூறு என்று சேர்த்து வைத்து மொத்தமாக விற்கும் பட்டறைகள் உண்டு. ஒற்றை டப்பாவுக்காக யாரும் ஆய்வகச் சோதனை செய்ய மாட்டார்கள், செலவு கட்டாது. நூறு டப்பா சேர்ந்தால் பொடியை மொத்தமாகக் கலந்து மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள், அப்போது உண்மையான விலை வரும். அவர்களோடு உங்கள் டப்பாவையும் சேர்த்துவிட்டால் தனியாகப் போவதைவிட நல்ல விலை கிடைக்கும். எண் தெரிகிற மாதிரி ஒரு படம், இரண்டு வாயும் தெரிகிற மாதிரி இரண்டு படம், எடை போட்ட படம் ஒன்று, நாலையும் வாட்ஸ்அப்பில் மூன்று பேருக்கு அனுப்புங்கள். மூன்று விலைக்கும் பெரிய இடைவெளி இருந்தால், அதிகம் சொன்னவரிடம் “எதை வைத்து இந்த விலை?” என்று கேளுங்கள். எண்ணை வைத்துச் சொல்கிறார் என்றால் நம்பலாம். நேரில் வரவைத்துவிட்டு, வாசலிலேயே உடைத்துப் பார்த்து “உள்ள ஒண்ணும் இல்லையே” என்று குறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் விலை முடிந்து பணம் கைக்கு வரும்வரை டப்பாவை உடைக்க விடாதீர்கள்.

இதில் எனக்கே ஒரு பழைய வருத்தம் உண்டு. பட்டறை ஆரம்பித்த புதிதில், கழற்றிப் போட்ட டப்பாக்களை ஒரு கோணிச் சாக்கில் சேர்த்து வைத்திருந்தேன். பதினொன்று. இடத்தை அடைக்கிறதே என்று வாரச் சம்பளம் கொடுக்கும் சனிக்கிழமை ஒரு வியாபாரியிடம் இரும்பு எடைக்குப் போட்டேன். அவர் சாக்கைத் தூக்கும்போது கூட வந்த பையனிடம் “மெதுவா, கொட்டிடாத” என்றார். இரும்பை யாராவது கொட்டிவிடாதே என்று சொல்வார்களா? அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. ஒரு வருடம் கழித்துத்தான் புரிந்தது. அந்தப் பணத்தில் இரண்டு பையன்களுக்கு தீபாவளி போனஸ் கொடுத்திருக்கலாம். அதனால்தான் இந்த விஷயத்தில் யார் கேட்டாலும் இப்படி நீட்டி முழக்கிச் சொல்கிறேன்.

வாங்குகிறவர் ஆர்.சி. நகலும் உங்கள் அடையாள அட்டை நகலும் கேட்டால் கோபப்படாதீர்கள், கேட்காதவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். குஜராத், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களில் மாருதி ஈகோ வண்டிகளின் சைலன்சர் வரிசையாகத் திருட்டுப் போனது உங்களுக்கு நினைவிருக்கலாம். எல்லாம் உள்ளே இருக்கும் இந்த ‘மண்’ணுக்காகத்தான். இப்போது உங்கள் கையில் இருப்பதும் திருடர்கள் தேடும் அதே பொருள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் வழக்கு வரும், மூன்று வருடம்வரை சிறை. அதனால் நேர்மையான வியாபாரிக்குக் காகிதம் வேண்டும். உங்களுக்கும் அது நல்லதுதான். ஆதார் நகல் கொடுத்தால் குறுக்கே ‘இந்தக் கன்வெர்ட்டர் விற்பனைக்கு மட்டும்’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். மெக்கானிக்கிடம் டப்பாவைக் கழற்றியதற்கு ஒரு பில் வாங்கி அதையும் வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை ரொக்கமாக வாங்காமல் வங்கிக் கணக்கிலோ யுபிஐ-யிலோ வாங்கினால் யாருக்கு விற்றீர்கள் என்பதற்குச் சாட்சி இருக்கும்.

டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். ஆனால் ஐயா, உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது டப்பா இல்லை. ‘அந்த இடத்தில் வெறும் பைப்பை வெல்டிங் வைத்துக் கொடுத்தார்’ என்ற வரிதான்.

உங்கள் மெக்கானிக் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார். வண்டி இழுக்க வேண்டும், செலவும் குறைவாக இருக்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கு நம் ஊரில் பாதிப் பட்டறைகள் இதைத்தான் செய்கின்றன. வண்டியும் உடனே இழுக்கும், வாடிக்கையாளரும் சந்தோஷமாகப் போவார். ஆனால் 1995 ஏப்ரல் 1-ம் தேதி டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு இந்தக் கன்வெர்ட்டரைக் கட்டாயமாக்கியபோது நான் வேலை பழகிக்கொண்டிருந்த பையன். அதற்கு முன்னால் பட்டறைக்குள் ஒரு காரை ஸ்டார்ட் செய்து வைத்து டியூனிங் பார்த்தால், பத்து நிமிடத்தில் தலை வலிக்கும், கண் எரியும். புது வண்டிகள் வர வர அது குறைந்ததை என் தலையே உணர்ந்திருக்கிறது. அப்போதெல்லாம் சென்னையில் ஈயமில்லாத பெட்ரோல் போட்ட புது காரை ஊருக்கு ஓட்டிப்போய், வழியில் ஈயம் கலந்த பெட்ரோலைப் போட்டுக் கன்வெர்ட்டரைக் கெடுத்துக்கொண்டு வருவார்கள். 2000-ம் வருடம் பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்ட பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது. இவ்வளவு பாடுபட்டு வந்த பொருள் அது. உங்கள் காரில் இப்போது அது இல்லை. சிக்னலில் உங்கள் வண்டிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் குழந்தையை முன்னால் நிற்கவைத்து நிற்கிறாரே ஒருவர், அந்தக் குழந்தையின் முகம் உங்கள் புகைக் குழாய் உயரத்துக்குக் கொஞ்சம்தான் மேலே. எனக்கு அது பெரிதாகப் படுகிறது.

சட்டமும் இருக்கிறது. உங்கள் வருட வண்டிக்குப் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், எரியாத பெட்ரோல் பத்து லட்சத்துக்கு 750 பங்கு, இதைத் தாண்டக் கூடாது. கன்வெர்ட்டர் இல்லாத வண்டி இதற்குள் அடங்குவது கஷ்டம். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய்வரை அபராதம், லைசென்ஸை மூன்று மாதம் முடக்கவும் முடியும். 2005 வண்டி என்றால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்தியாக வேண்டும், அங்கேயும் இந்தப் பைப் கண்ணில் படும்.

அதனால் பழைய டப்பாவை விற்கும் பணத்தை லாபமாக நினைக்காமல், புதியதற்கான முன்பணமாக நினைத்துக்கொள்ளுங்கள். அசல் கம்பெனி கன்வெர்ட்டர் விலை அதிகம், இந்த வயசு வண்டிக்குக் கட்டாது என்று தோன்றினால் வெளிச்சந்தையில் வாங்கலாம். ஆனால் வெற்று டப்பாவைக் கன்வெர்ட்டர் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் வாய்க்குள் டார்ச் அடித்து தேன்கூடு இருக்கிறதா என்று பார்த்து, மாட்டிய மறுநாளே புகைச் சோதனை செய்து, எண் சரியாக வந்தால்தான் மீதிப் பணம் என்று பேசிக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால், பழையது ஏன் அடைத்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். கன்வெர்ட்டர் தானாகச் சாவது அபூர்வம், என்ஜின்தான் அதைக் கொல்லும். ஒரு பிளக் சரியாக எரியாவிட்டால், எரியாத பெட்ரோல் நேரே கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அந்தச் சூட்டில் பீங்கானே உருகி அடைத்துக்கொள்ளும். பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் குடிக்கும் வண்டியிலும் இதே கதிதான், மெதுவாக நடக்கும். டார்ச் அடித்துப் பார்க்கும்போது துளைகள் மெழுகு மாதிரி உருகி மூடியிருந்தால் பிளக், காயில், பிளக் ஒயர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பாகப் பிசுபிசுவென்று இருந்தால் ஆயில் எவ்வளவு குறைகிறது என்று ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். இதைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால், அடுத்த வருடம் விற்பதற்கு இன்னொரு டப்பாதான் கையில் இருக்கும்.

என்ஜினையே இறக்கிச் செய்ய வேண்டும், அவ்வளவு செலவு முடியாது என்று ஆகிவிட்டால் வண்டியை உடைக்கக் கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். அப்படியானால் இந்த டப்பாவை இப்போது விற்காதீர்கள். 2021-ல் வந்த விதிகளின்படி அரசிடம் பதிவுபெற்ற வாகன உடைப்பு மையங்கள் இருக்கின்றன. அங்கே கன்வெர்ட்டரோடு கொடுத்தால் ஒரு விலை, இல்லாமல் கொடுத்தால் குறைந்த விலை. டப்பாவைத் தனியாகக் கழற்றி வைத்திருந்தாலும் வண்டியோடு காட்டி மொத்தமாக விலை கேளுங்கள். அவர்கள் தரும் டெபாசிட் சான்றிதழை வைத்து, அடுத்து வாங்கும் சொந்த வண்டிக்கு வாகன வரியில் 25 சதவீதம்வரை சலுகைக்கு வழி இருக்கிறது. ஆர்.சி.யை ரத்து செய்யாமல் யாரிடமும் வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் பெயரில் இருக்கும் எண் எந்த ஊரில் எந்த வழக்கில் சிக்கினாலும் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், இதைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். டப்பாவிலோ அதை ஒட்டிய பைப்பிலோ, ஸ்பார்க் பிளக் மாதிரி ஒன்று முறுக்கி, அதிலிருந்து ஒயர் தொங்குகிறதா என்று பாருங்கள். அது ஆக்சிஜன் சென்சார். உங்கள் மெக்கானிக் அதை வெறும் பைப்பில் மாற்றி மாட்டினாரா, பழைய டப்பாவோடேயே கழற்றிப் போட்டுவிட்டாரா என்று தெரியவில்லை. டப்பாவில் இருந்தால், ஒயரை அறுக்காமல், இரண்டு சொட்டு துரு நீக்கும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டு, மறுநாள் 22-ம் நம்பர் ஸ்பேனர் போட்டுக் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் உங்கள் வண்டி எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று தெரியாமல் கண்டபடி குடித்துக்கொண்டிருக்கும். பல டப்பாக்கள் அந்தச் சென்சாரோடேயே பழைய சாமானுக்குப் போய்விடுகின்றன.